நகல் ஒழிப்பு நாள்

காது கிழிகிற மாதிரி சங்கு அலறியது.

அன்று காலைதான் வேலைக்குச் சேர்ந்திருந்தவள், கட்டடத்தில் தீப்பிடித்துவிட்டது என்று கைப்பையை வாரிக்கொண்டு வாசலைப் பார்த்து ஓடினாள். பாதி தூரம் போன பிறகுதான் தன்னோடு யாரும் ஓடி வரவில்லை என்பது உறைத்தது. திரும்பிப் பார்த்தாள். கூடத்தில் இருந்த அறுபது பேரும் விசைப்பலகையிலிருந்து கையை எடுத்து, இரண்டு கைகளையும் தோளுக்கு மேல் தூக்கிவைத்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தார்கள். யாரோ துப்பாக்கியை நீட்டியது போல இருந்தது. முகங்களில் மட்டும் பயமில்லை. ஒருவர் அதே நிலையில் கொட்டாவி விட்டார்.

"ஓடாதே. நின்ன இடத்துலயே கையைத் தூக்கு," என்றார் கண்காணிப்பாளர் அம்மாள். "தேடல் ஆரம்பிச்சிருக்கு."

அவள் கைப்பையோடு கையைத் தூக்கினாள். கண்காணிப்பாளர் வரிசை வரிசையாக நடந்து, தூக்கிய கைகளை எண்ணி, நூற்றிருபத்திரண்டு என்று ஏட்டில் குறித்தார். அதன் பிறகு எல்லாரும் கையை இறக்கி மடியில் வைத்துக்கொண்டார்கள். அடுத்த நாற்பத்தேழு நிமிடம் யாரும் ஒரு பொத்தானைத் தொடவில்லை.

அது ரத்த தானப் பதிவகம். கூப்பிட்டால் வந்து ரத்தம் கொடுக்கிறோம் என்று ஒரு கோடியே இருபத்து மூன்று லட்சம் பேர் பெயர், முகவரி, ரத்த வகை எல்லாம் எழுதிக் கொடுத்திருந்தார்கள். அத்தனையும் ஒரே கணினியில் இருந்தது. மருத்துவமனையில் யாருக்காவது அபூர்வ வகை ரத்தம் தேவைப்பட்டால், உறவுக்காரர் இங்கே வந்து டோக்கன் எடுத்துக் காத்திருக்க வேண்டும். அவர் முறை வரும்போது கணினியிடம் ஒரே ஒரு கேள்வி கேட்பார்கள்: இந்த வகை ரத்தம், இந்த ஊரில் யார் யாருக்கு இருக்கிறது? அது பதில் சொல்ல நாற்பத்தேழு நிமிடம் எடுத்துக்கொள்ளும். நடுவில் வேறு யாராவது அதைத் தொட்டால் ஐம்பதாகிவிடும் என்பதால்தான் சங்கும், கை தூக்கலும், ஏடும். ஒரு நாளைக்கு எட்டுத் தேடல். அதற்குள் அலுவலக நேரம் முடிந்துவிடும்.

புதியவள் இதற்கு முன் ஒரு கூரியர் கம்பெனியின் கணினிப் பிரிவில் இருந்தவள். இங்கே அவளுக்குக் கிடைத்தது படிவங்களைப் பார்த்துத் தட்டச்சு செய்யும் ஒப்பந்த வேலை. சாயங்காலத்துக்குள் அவளுக்கு 'கூரியர்' என்று பெயர் விழுந்துவிட்டது. அதற்குக் காரணம் அவள் வாய்தான்.

"மேடம், எங்க ஆபீஸ்ல நாலு கோடி பார்சல் இருந்துச்சு. ஒருத்தர் போன் பண்ணி என் செருப்பு எங்க வந்துட்டிருக்குன்னு கேட்டா, அவர் கேட்டு முடிக்கறதுக்குள்ள சொல்லிடுவோம்."

கண்காணிப்பாளர் அவளைப் பரிதாபமாகப் பார்த்தார். "அது செருப்பும்மா. இது ரத்தம்."

வேகத்தைப் பற்றிப் பதிவகம் கவலைப்படவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. 'துரிதப்படுத்தல் குழு' என்று ஒன்றே இருந்தது. கேள்வியைச் சுருக்கமாகக் கேட்டால் பதில் சீக்கிரம் வரும் என்று முதலில் அந்தக் குழு கண்டுபிடித்தது. கணினிக்குள் 'ரத்த வகை' என்று இருந்த தலைப்பை 'ர' என்றும், 'ஊர்' என்பதை 'ஊ' என்றும் மாற்றினார்கள். மாற்ற ஒரு வருடம் ஆனது. நேரம் ஒரு நொடியும் குறையவில்லை. அடுத்து, கணினி களைத்துப் போகிறது என்று அதன் அறைக்கு இரண்டாவது ஏசி போட்டார்கள். கடைசியில் பழையதைத் தூக்கிவிட்டு அதைவிடப் பெரிய கணினி வாங்கியதும் ஐம்பத்திரண்டு நிமிடம் நாற்பத்தேழாகக் குறைந்தது. குறைந்த ஐந்து நிமிடத்துக்கும், நிமிடத்துக்கு ஒன்றாக, ஐந்து பதக்கம் கொடுக்கப்பட்டது. காத்திருக்கும் கூடத்தில் நாற்காலிகளுக்கு மெத்தை தைத்ததும் அந்தக் குழுதான். ஒன்பது நாள் முழுக்கச் சலிக்காமல் காத்திருந்தவர்களுக்குப் பொறுமைச் சான்றிதழும் உண்டு.

கூரியர் இதையெல்லாம் மூன்று வாரம் வேடிக்கை பார்த்தாள். நாலாவது வாரம் அந்த மெத்தை நாற்காலி ஒன்றில் அவளுடைய மாமா வந்து உட்கார்ந்தார்.

மாமா என்றால் அக்காவின் கணவர். அக்காவுக்கு எட்டாம் மாதம். நஞ்சுக்கொடி கீழே இறங்கியிருக்கிறது, அறுவை சிகிச்சைதான், ரத்தப்போக்கு நிச்சயம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அக்காவின் ரத்தமோ லட்சத்தில் ஒருவருக்குக்கூட இருக்காத வகை. கொடுக்க இரண்டு பேர் கையில் இல்லாமல் கத்தியைத் தொட மாட்டேன் என்று டாக்டர் நாள் குறித்திருந்தார். இன்றிலிருந்து பத்தாம் நாள். மாமாவின் டோக்கன் எழுபத்திரண்டு. ஒரு நாளைக்கு எட்டு என்றால் ஒன்பதாம் நாள் மாலை கடைசித் தேடல் அவருடையது.

"ஒரு நாள் மிச்சம் இருக்கு. பாத்துக்கலாம்," என்றார் மாமா. அவர் பஸ் மெக்கானிக். எதையும் கழற்றிப் பார்க்காமல் பேசமாட்டார். ஆனால் இங்கே கழற்ற ஒன்றும் கையில் கொடுக்கவில்லை.

மறுநாள் அறிவிப்புப் பலகையில் ஒரு காகிதம் ஒட்டினார்கள். பத்தாவது நகல் ஒழிப்பு நாள் விழாவை முன்னிட்டு, ஒத்திகைக்கு ஒரு நாளும் விழாவுக்கு ஒரு நாளும் தேடல்கள் நிறுத்திவைக்கப்படும். பொதுமக்கள் குடும்பத்துடன் விழாவில் கலந்துகொள்ளலாம். பிஸ்கட் வழங்கப்படும்.

மாமா விரல்விட்டு எண்ணினார். ஒன்பதும் இரண்டும் பதினொன்று. எத்தனை தடவை எண்ணினாலும் பத்துக்குள் வரவில்லை.

கூரியர் கண்காணிப்பாளரிடம் ஓடினாள். "அவசரம்னா முன்னாடி தேட முடியாதா மேடம்?"

"இங்க வர்ற எல்லாமே அவசரம்தானேம்மா. அவசரம் இல்லாதவங்க யாராவது வந்தா, அவங்களைப் பின்னாடி தள்ளி உங்களை முன்னாடி விடலாம். அப்படி ஒருத்தரும் வர மாட்டேங்கறாங்க."

தேடல் ஏடு மேசையில் விரிந்து கிடந்தது. டோக்கன் எண், தேதி, முடிவு. முடிவு என்ற கட்டத்தில் சிலவற்றுக்கு நேரே 'ஆள் கிடைத்தது' என்று இருந்தது. பலவற்றுக்கு நேரே வேறு இரண்டு சொற்கள்.

"'தேவை நீங்கியது'ன்னா என்ன மேடம்?"

கண்காணிப்பாளர் ஏட்டை மூடினார். "முறை வரும்போது, இனிமே ரத்தம் வேண்டாம்னு சொல்லிடுவாங்க. அந்தத் தேடலை மிச்சம் பிடிச்சு அடுத்தவருக்குக் குடுத்துடுவோம். ஒண்ணும் வீணாப் போகாது."

ரத்தம் ஏன் வேண்டாமாகும் என்று அவர் சொல்லவில்லை. அதைச் சங்குக்காரர்தான் சொன்னார்.

சங்குக்காரர் அந்த அலுவலகத்தில் தேடலுக்கு முன்னும் பின்னும் சங்கை அழுத்துகிறவர். நாலு வருடம் முன்பு கணினி அதிகாரி ஓய்வு பெற்றபோது, அந்த நாற்காலிக்கு ஆள் போடுகிறவரை 'மின்சாரத்தில் இயங்கும் அனைத்தும்' சங்குக்காரரின் கூடுதல் பொறுப்பு என்று இயக்குநர் உத்தரவு போட்டார். சங்கும் மின்சாரம், கணினியும் மின்சாரம். அதிலிருந்து கணினியின் கடவுச்சொல், அரக்கு முத்திரை வைத்த உறைக்குள், சங்குப் பெட்டியின் அடியில் இருந்தது. அவர் அதைத் தொட்டதே இல்லை.

"ஆள் போயிட்டாருன்னு அர்த்தம், வேறென்ன," என்றார் அவர், டீயை ஆற்றிக்கொண்டே. "ஒரு வாத்தியார் மனு போட்டாரு, மூணு வருஷம் இருக்கும். இந்த 'தேவை நீங்கியது'ல, ரத்தம் குடுக்க இதே ஊர்ல ஆள் இருந்தும் போனவங்க எத்தனை பேருன்னு கேட்டு. ஒவ்வொண்ணுக்கும் நாப்பத்தேழு நிமிஷம் தேடணும், மொத்தம் நாலு வருஷம் ஆகும், அதுவரைக்கும் யாருக்கும் ரத்தம் தேட முடியாது, அதனால பொது நலன் கருதி பதில் இல்லைன்னு எழுதி அனுப்பிட்டாங்க."

கூரியர் நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப் போட்டாள். "அண்ணே, நான் தேட வேண்டாம். தேடினா எப்படித் தேடுவேன்னு மட்டும் அந்த மெஷினைக் கேக்கணும். கேட்டா அது ஒளிக்காம சொல்லும்."

சங்குக்காரர் யோசித்தார். "அப்ப அது தேடல் இல்ல. தேடலைப் பத்தின விசாரிப்பு. அதுக்குச் சங்கு ஊதணும்னு எந்த விதியும் இல்ல." அவர் அரக்கை உடைத்தார்.

கணினி நாலே வரியில் பதில் சொன்னது. முதல் பெயரிலிருந்து கடைசிப் பெயர் வரை ஒரு கோடியே இருபத்து மூன்று லட்சத்தையும் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்ப்பேன். வேண்டிய வகையா, வேண்டிய ஊரா என்று சோதிப்பேன். இல்லையென்றால் கீழே போடுவேன். ஒவ்வொரு தடவையும் இப்படித்தான்.

"கழுதை மாதிரி உழைக்குது பாவம்," என்றார் சங்குக்காரர்.

"இதுக்கு இண்டெக்ஸே இல்லண்ணே. எந்த வகை ரத்தம், எந்த ஊர்ல, எந்தெந்த வரியில இருக்குன்னு அடுக்கி வெச்ச ஒரு சின்னப் பட்டியல். அது இருந்தா நேரா அந்த வரிக்குப் போயிடும். இது இல்லாம எப்படி வேலையை ஆரம்பிச்சாங்க?"

இல்லாமல் ஆரம்பிக்கவில்லை. ஓய்வு பெற்ற கணினி அதிகாரியின் குறிப்பேடு உறைக்குப் பக்கத்திலேயே இருந்தது. பத்து வருடத்துக்கு முந்தைய ஒரு தேதியில், அழுத்தி எழுதியதில் மறுபக்கம் புடைத்துக்கொண்டு நின்ற எழுத்தில் இப்படி இருந்தது: 'தணிக்கை உத்தரவுப்படி இண்டெக்ஸ் நீக்கப்பட்டது. தேடல் நேரம், நேற்று ஒரு நொடி. இன்று ஐம்பத்திரண்டு நிமிடம். என் எதிர்ப்பைப் பதிவு செய்கிறேன்.'

எதிர்ப்பு பத்து வருடமாக அங்கேயே பதிவாகிக் கிடந்தது.

கதை இதுதான். அந்த வருடம் தணிக்கைக்கு வந்த ஓர் இளம் அதிகாரி, கணினிக்குள் ஒரே விவரம் இரண்டு இடத்தில் இருப்பதைக் கையும் களவுமாகப் பிடித்தார். மூலப் பட்டியலில் ரத்த வகை இருக்கிறது. பக்கத்தில் இன்னொரு பட்டியலிலும் அதே ரத்த வகை இருக்கிறது. நகல்! ஒரே உத்தரவில் அதை ஒழித்து, இரண்டு ஜிகாபைட் இடத்தை மீட்டார். அந்தச் சாதனைக்காகப் பதவி உயர்வு பெற்று, இப்போது பதிவகத்தின் இயக்குநராக இருக்கிறார். அந்த உத்தரவு கண்ணாடிச் சட்டத்துக்குள் அவர் தலைக்கு மேலே தொங்குகிறது. அந்த நாள்தான் நகல் ஒழிப்பு நாள். போன வருட விழாவின் வீடியோ, அதே கணினியில், ஆறு ஜிகாபைட் இடத்தில் இருக்கிறது.

மறுநாள் கூரியர் இயக்குநர் முன்னால் நின்றாள். அவர் நல்ல மனிதர். உட்காரச் சொன்னார், தண்ணீர் கொடுத்தார், நடுவில் குறுக்கிடாமல் கேட்டார்.

"சார், ஒரு பெரிய அபார்ட்மெண்ட் இருக்குன்னு வெச்சுக்குங்க. வாசல்ல ஒரு பலகை. யார் எந்த வீடுன்னு அதுல எழுதியிருக்கும். அதைப் பாத்துட்டு நேரா அந்த வீட்டுக்குப் போயிடலாம். அந்தப் பலகையைக் கழட்டிட்டா, வர்றவன் ஒவ்வொரு கதவா தட்டிட்டுப் போகணும். நம்ம மெஷின் அதைத்தான் பண்ணுது."

"கதவுல பேர் எழுதியிருக்குமாம்மா?"

"இருக்கும் சார்."

"பலகையிலயும் அதே பேருதானே?"

"ஆமா சார்."

"அதைத்தான் நாங்க நகல்னு சொல்றோம்," என்றார் இயக்குநர், ஒரு குழந்தைக்கு விளக்கிய திருப்தியோடு. "உன் ஆர்வம் எனக்குப் புரியுது. நகல் அனுமதிக் குழுன்னு ஒண்ணு இருக்கு. வருஷத்துக்கு ஒரு தடவை கூடும். ஒரு விண்ணப்பம் எழுதி, மூணு நகல் எடுத்துக் குடு."

"எங்கக்காவுக்கு எட்டு நாள்தான் சார் இருக்கு."

"கேள்விப்பட்டேம்மா. ரொம்ப வருத்தமா இருந்துச்சு. உங்க மாமாவை விழாவுல முன் வரிசையில உக்கார வைக்கச் சொல்லியிருக்கேன்."

விழா நாள் காலையில், எட்டு நாள் என்ற கணக்கும் பொய்த்தது. அக்காவுக்கு ரத்தப்போக்கு ஆரம்பித்துவிட்டது. மருத்துவமனையிலிருந்து மாமா ஓடி வந்தபோது அவர் சட்டைக் கையில் ரத்தம் காய்ந்திருந்தது. வாசலிலேயே அவரைப் பிடித்து, முன் வரிசைக்கு அழைத்துப் போய், நெஞ்சில் 'சிறப்பு விருந்தினர்' என்று ஒரு பட்டையைக் குத்தி, கையில் இரண்டு பிஸ்கட்டையும் கொடுத்துவிட்டார்கள்.

கூரியர் கணினி அறைக்குப் போனாள். சங்குக்காரர் இரண்டு ஏசிக்கு நடுவில் கம்பளிக் குல்லாயோடு உட்கார்ந்திருந்தார். கூடத்துப் பேச்சு, சுவரில் இருந்த ஒலிபெருக்கியில் அங்கேயும் கேட்டது.

"அண்ணே, டாக்டர் மத்தியானம் வரைக்கும்தான் தாங்கும்னு சொல்றாராம்."

சங்குக்காரர் அவள் முகத்தைப் பார்த்தார். பிறகு சட்டைப்பையிலிருந்து நாலாக மடித்த ஒரு காகிதத்தை எடுத்து விரித்தார். கூடுதல் பொறுப்பு உத்தரவு. மடிப்பு இருந்த இடமெல்லாம் கிழிந்திருந்தது. "'மேற்படி இயந்திரம் நல்ல முறையில் இயங்கத் தேவையான அனைத்தையும் செய்ய அதிகாரம் அளிக்கப்படுகிறது.' கீழே இயக்குநர் கையெழுத்து. நாலு வருஷமா இதுக்குத் தனிச் சம்பளம்கூடக் குடுக்கல. ஒரு நாளாவது அதிகாரத்தை அனுபவிச்சுப் பாக்கறேன். போடும்மா அந்தப் பட்டியலை. எவ்வளவு நேரம் ஆகும்?"

"ஒரு கோடிப் பேரை ஒரே ஒரு தடவை அடுக்கணும். பத்துப் பன்னெண்டு நிமிஷம். அதுவரைக்கும் யாரும் மெஷினைத் தொடக் கூடாது."

"இயக்குநர் பேச எழுந்திருக்காரு. ஒருத்தரும் தொட மாட்டாங்க."

அவள் ஒரே ஒரு வரி அடித்தாள். ஒலிபெருக்கியில் இயக்குநர் தொண்டையைச் செருமினார்.

"நண்பர்களே, பத்து வருஷத்துக்கு முன்னாடி இந்த அலுவலகம் எப்படி இருந்துச்சு? கேள்வி கேட்ட உடனே பதில். ஒரு நொடியாம். ஒரு நொடியில வர்ற பதிலுக்கு என்ன மரியாதை இருக்கு? கேட்டவருக்கு நாம உழைச்சோம்கிறதே தெரியாது. இன்னிக்கு அப்படியா? நாப்பத்தேழு நிமிஷம். அந்த நாப்பத்தேழு நிமிஷமும் அறுபது ஊழியர்கள் கையைக் கட்டிக்கிட்டு உழைக்கறதைப் பொதுமக்கள் கண்ணால பாக்கறாங்க."

கைதட்டல். திரையில் ஒரு சின்னக் கோடு மெல்ல நீண்டுகொண்டிருந்தது. சங்குக்காரர் அதையே பார்த்தார்.

"சங்கு ஊத ரெண்டு பேர், கை எண்ண மூணு பேர், டோக்கன் குடுக்க நாலு பேர், மெத்தை தைக்க ஒருத்தர். ஒரு நகலை ஒழிச்சதால எத்தனை குடும்பம் பிழைக்குது பாருங்க. வேகம் வேண்டாம்னு நான் சொல்லல. வேகமாப் போக என்னென்ன செய்யலாம்னு நாம நிதானமா ஆராய்ஞ்சுக்கிட்டே இருக்கோம். ரத்தம்கிறது ரொம்ப அவசரமான விஷயம். அதனாலதான் அதுல அவசரப்படக் கூடாது."

கோடு கடைசியைத் தொட்டு மறைந்தது. பதினோரு நிமிடம். கூரியர் டோக்கன் எழுபத்திரண்டின் கேள்வியை எடுத்தாள்.

"இருடி அம்மா," என்றார் சங்குக்காரர். "சங்கு இல்லாமத் தேடினா தேடினதாவே எடுத்துக்க மாட்டாங்க. நாளைக்கு யாரும் இது செல்லாதுன்னு சொல்லிடக் கூடாது." அவர் குல்லாயைச் சரிசெய்துகொண்டு பொத்தானை அழுத்தினார்.

கூடத்தில் இயக்குநர் 'சாதனை' என்ற சொல்லின் நடுவில் இருந்தார். சங்கு அலறியதும் பத்து வருடப் பழக்கம் வேலை செய்தது. அறுபது பேரும் கையைத் தூக்கினார்கள். மேடையில் இயக்குநரும் தூக்கினார். கண்காணிப்பாளர் ஏட்டைத் தேடிக் குனிந்தார். அவர் நிமிர்வதற்குள் இறுதிச் சங்கு ஊதியது.

நாலு பேர். நாலு பேரும் இதே ஊர். பெயர், தெரு, போன் நம்பர்.

கூரியர் காகிதத்தை உருவிக்கொண்டு கூடத்துக்குள் ஓடினாள். இந்த முறையும் அவள் ஒருத்திதான் ஓடினாள். மாமா காகிதத்தைப் பார்த்தார். அவள் முகத்தைப் பார்த்தார். பிஸ்கட்டை நாற்காலியில் வைத்துவிட்டு, சிறப்பு விருந்தினர் பட்டையோடு வாசலைத் தாண்டினார்.

"என்ன நடக்குது இங்க?" என்றார் இயக்குநர், கையை இறக்கி.

மறுபடி சங்கு. மறுபடி எல்லார் கையும் மேலே போனது. மறுபடி இறுதிச் சங்கு. சங்குக்காரர் வரிசையில் மிச்சமிருந்த முதல் டோக்கனிலிருந்து தொடங்கியிருந்தார். விழாவுக்காக நிறுத்தி வைக்கப்பட்டவர்கள் எல்லாரும் மெத்தை நாற்காலிகளில்தானே இருந்தார்கள். சங்கு, கை மேலே, சங்கு, கை கீழே. பத்தாவது தடவையில் தாளம் பிடித்துவிட்டது. உடற்பயிற்சி வகுப்பு மாதிரி அறுபது பேரும் ஏறி இறங்கினார்கள். இயக்குநர் இரண்டு சங்குக்கு நடுவில் வாயைத் திறப்பார், 'இது' என்பார், அடுத்தது ஊதிவிடும். தேடல் நடக்கும்போது பேசக் கூடாது என்ற விதியை எழுதியவரே அவர்தான். கண்காணிப்பாளர் கை எண்ண ஓடி ஓடி, பதினெட்டாவது தேடலில் ஏட்டைப் போட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்தார்.

டோக்கன்காரர்கள் ஒவ்வொருவராகக் காகிதத்தை வாங்கிக்கொண்டு ஓடினார்கள். ஒரு முதியவர் மட்டும் பொறுமைச் சான்றிதழைத் திருப்பிக் கொடுக்க வேண்டுமா என்று கேட்டுவிட்டுப் போனார். ஒன்பது நாள் வரிசை, மேடையில் வைத்த டீ ஆறுவதற்குள் தீர்ந்தது.

மறுநாள் காலை விசாரணை. இரவு முழுக்க மருத்துவமனையில் இருந்துவிட்டு, அதே உடையில் கூரியர் வந்திருந்தாள். அக்கா பிழைத்துவிட்டாள். பெண் குழந்தை. ரத்தம் கொடுக்க வந்த இரண்டு பேரில் ஒருவர் பதிவகத்துக்கு எதிர் தெருவில் டயர் கடை வைத்திருப்பவர். பதினோரு வருடம் முன்பு பெயர் கொடுத்தாராம். யாரும் கூப்பிடவே இல்லை, என் ரத்தம் வேண்டாம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாராம்.

"குற்றச்சாட்டு ஒண்ணு," என்று வாசித்தார் கண்காணிப்பாளர். அவர் முழங்காலில் கட்டு. "சங்கு ஊதி முடியறதுக்குள்ள தேடலை முடிச்சது. ரெண்டு, ஒழிக்கப்பட்ட நகலை மறுபடி உண்டாக்கினது. மூணு, நாப்பத்தேழு நிமிஷத்துக்குன்னு நியமிக்கப்பட்ட ஊழியர்களை ஒரு நொடியில வேலை இல்லாதவங்களா ஆக்கினது. என்ன சொல்றே?"

"மூணுமே நிஜம் மேடம்."

"வருத்தம் தெரிவிக்கறியா?"

"இல்ல மேடம். முதல் நாளே செஞ்சிருக்கணும். ஒரு மாசம் தாமதம். அதுக்கு வேணா வருத்தப்படறேன்."

"யார் குடுத்த அதிகாரம்?"

சங்குக்காரர் கிழிந்த உத்தரவை மேசைமேல் விரித்தார். இயக்குநர் தன் கையெழுத்தை வெகு நேரம் பார்த்தார். அது வேறு யாருடையதாகவாவது மாறிவிடுமா என்று பார்த்தது போல இருந்தது.

"சரி. பேச்சு வேண்டாம்," என்றார். "அந்தப் பட்டியலை இப்பவே எடுத்துடு. எல்லாத்தையும் மறந்துடலாம்."

"எடுத்துடறேன் சார். ஒரு வரிதான். எழுதிக் குடுங்க."

"என்னன்னு?"

"ஒரு நொடியில கிடைக்கிற பதிலை நாப்பத்தேழு நிமிஷத்துக்கு மாத்தச் சொல்லி உத்தரவிடறேன்னு எழுதி, கையெழுத்துப் போட்டு, தேதி போடுங்க. போன தடவை நகல்னு எழுதினீங்க, அப்ப தெரியாதுன்னு சொல்லிக்கலாம். இந்தத் தடவை அப்படி எழுத முடியாது. நேத்து அறுபது பேர் பாத்தாச்சு." அவள் பேனாவை நீட்டினாள். "அதையும் சட்டம் போட்டு மாட்டலாம் சார். பழசுக்குப் பக்கத்துல இடம் இருக்கு."

இயக்குநர் பேனாவை வாங்கி, துரிதப்படுத்தல் குழுத் தலைவரிடம் கொடுத்தார். தலைவர் அது தன் குழுவின் வரம்புக்குள் வராது என்று கண்காணிப்பாளரிடம் தள்ளினார். கண்காணிப்பாளர் கை வலிக்கிறது என்று சங்குக்காரரிடம் நீட்டினார். சங்குக்காரர் மூடியைத் திருகி மூடி, அதைக் கூரியரின் கையிலேயே திருப்பி வைத்தார்.

"அப்ப நான் போய் வேலையைப் பாக்கறேன்," என்றாள் அவள். "வாசல்ல நாலு பேர் நிக்கறாங்க. டோக்கன் குடுக்கல, நேரா உள்ள வரச் சொல்லியிருக்கேன்."

விசாரணை அறையிலிருந்து ஒவ்வொருவராக நழுவினார்கள். அவளும் கதவைத் தொட்டுவிட்டாள். பின்னால் இயக்குநர் கூப்பிட்டார். மேசையில் தேடல் ஏடுகள் பத்து வருடத்துக்கும் அடுக்கியிருந்தன. அடுக்கின் மேலிருந்த ஏட்டை அவர் கை அழுத்திப் பிடித்திருந்தது. குரல் முதல் தடவையாக மேடைக்குரல் இல்லாமல் இருந்தது.

"அந்த வாத்தியார் மனுவை மட்டும் அந்த மெஷின்ல போட்டுடாதேம்மா. இப்ப அது உடனே சொல்லிடும்."